கம்பளியில் ஏறாத நாள்

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கும் கீழே ரோட்டுக்கும் நடுவில் நூற்று அறுபத்தெட்டுப் படிகள் இருக்கின்றன. கல்லை வெட்டிப் போட்ட படிகள். ஒன்று முழங்கால் உயரம் இருக்கும், அடுத்தது பாதம் வைக்கக்கூடப் போதாது. ஆட்டோ ரோட்டோடு நின்றுவிடும். அதனால் லயத்தில் யாருக்காவது முடியாமல் போனால் கம்பளிதான். நீளமான மூங்கில் கம்பில் கம்பளியைத் தொட்டில் மாதிரி கட்டி, உள்ளே ஆளைப் படுக்க வைத்து, முன்னால் இரண்டு பேரும் பின்னால் இரண்டு பேரும் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். என் வீட்டுக்காரர் ஆறு வருசத்துக்கு முன்னால் அப்படித்தான் இறங்கினார். திரும்பி ஏறியதும் கம்பளியில்தான்; பிறகு சாகும்வரை அந்தப் படிகளில் அவர் நடக்கவே இல்லை.

எனக்கு முதுகில் ஆபரேசன் என்று சொன்னபோது நான் பயந்தது கத்திக்கு இல்லை, அந்தப் படிகளுக்குத்தான். திரும்பி என் காலால் ஏறி வருவேனா, இல்லையா. எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

நான் சத்தமாகப் பேசத் தெரியாத ஆள். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது நான் "இருக்கேன்" என்று சொல்வது பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். கங்காணி நிமிர்ந்து பார்த்து அடையாளம் போட்டுக்கொள்வார். வலியையும் அதே மாதிரிதான் வைத்திருந்தேன். இடுப்பில் தொடங்கி இடது குதிகால் வரை காய்ச்சின கம்பி இழுத்த மாதிரி வலி. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குக்கு உள்ளே வீட்டுக்காரரின் பழைய பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். இரண்டு வருசம் அப்படிப் போனது.

கொழுந்து எடுக்கும்போது இரண்டு வரிசைச் செடிகளுக்கு நடுவில் ஒருவர் போவோம். அதை நிரை என்போம். வலப்பக்கச் செடியில் நம் பக்கத்துப் பாதி, இடப்பக்கச் செடியில் நம் பக்கத்துப் பாதி நமக்கு. மறுபாதி பக்கத்து நிரைக்காரிக்கு. வருசக்கணக்காக என் வலது நிரையில் ஒருத்தி, இடது நிரையில் ஒருத்தி. வலது நிரைக்காரி என்னோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அவள் பேசினால் அடுத்த மலைக்குக் கேட்கும். இடது நிரைக்காரி கல்யாணமாகி லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். நாள் முழுக்கப் பேசினாலும் பத்து வார்த்தை தாண்டாது.

ஒருநாள் ஆறாம் நம்பர் மலையில், சரிவான இடம், வலது நிரைக்காரி கையில் ஒற்றைச் செருப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏய், செருப்பு அங்க கெடக்கு, நீ இங்க நிக்கிற. ஒனக்கு கால் இருக்கா இல்லையாடி?"

குனிந்து பார்த்தேன். இடது பாதம் வெறும் காலாக இருந்தது. விரலிடுக்கில் மூன்று அட்டைகள் குடித்து உருண்டு கிடந்தன. ரத்தம் மண்ணில் வடிந்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாள். குரல் தணிந்துவிட்டது.

"கடிச்சது தெரியலியா?"

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசம்."

அவளுக்கு வந்த கோபத்தில் என்னை அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். இடது நிரையைக் கைகாட்டினாள். "அவ ஏன் மூணு மாசமா ஒன் பாதியையும் சேத்து எடுக்கிறானு நெனச்ச? ஒன் பக்கத்து கொழுந்து ருசியா இருக்குன்னா?"

அதுவரை எனக்குத் தெரியாது. எல்லாரோடும் சமமாக நானே நிரை முடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இடது நிரைக்காரி செடியைப் பார்த்தபடி, "நிரை பிந்திச்சு. எடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த வாரமே இரண்டு பேரும் என்னைத் தெமோதரையில் பஸ் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், திரும்பத் திரும்ப கிளினிக். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"எவ்வளவு காலமா நோகுது அம்மா?"

"ரெண்டு வருசமுங்க ஐயா" என்றாள் வலது நிரைக்காரி.

"நீங்கள் இல்லை. அவ சொல்லட்டும்."

"ரெண்டு வருசமுங்க" என்றேன் நான். அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்துதான் கேட்டார்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை மாதிரி ஒன்று விலகி நரம்பை நெரிக்கிறதாம். இனியும் விட்டால் அந்தக் கால் வேலை செய்யாமல் போய்விடும் என்றார்.

"நடப்பேனுங்களா?"

"நடப்பீங்கள் எண்டுதான் செய்யிறம். ஆனா எழும்பி நடக்க வேண்டியது நீங்கள்."

லயத்தில் செய்தி பரவியது. கடைசிக் காம்பராவில் இருக்கும் பெரியம்மா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னார்: "முதுகுல கத்தி பட்டவ படியேறி வரமாட்டா. கம்பளியிலதான் வருவா."

"ஒங்களுக்கு பல்லு புடுங்குன டாக்டரு வாயையும் சேத்து தைக்காம விட்டுட்டாரு பெரியம்மா" என்றாள் வலது நிரைக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பெரியம்மா பொல்லாதவர் இல்லை. அவர் பார்த்ததைச் சொன்னார். நானும் அதையே பார்த்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேரப் போன காலையில் இரண்டு பேர் தோளையும் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். ரோட்டில் நின்று மேலே பார்த்தேன். எங்கள் லயத்துத் தகரம் மட்டும் தெரிந்தது. திரும்பி வரும்போது நடந்துதான் ஏறுவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பிழை பிறகு எனக்கே வந்து முட்டியது.

என் மகள் லுணுகலையில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். ஆபரேசன் அன்றைக்கு வந்து அழுதுவிட்டுப் போனாள். மற்ற நாட்களெல்லாம் இவர்கள் இரண்டு பேரும்தான். கங்காணியிடம் பேசி, ஒருத்தி மலைக்குப் போனால் ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் இடது நிரைக்காரி என் தலையைக் கழுவி, காயவைத்து, படுத்தால் சிக்கு விழாமல் இருக்க இரட்டைச் சடை பின்னிவிட்டாள். நாற்பத்தொன்பது வயதில் ஸ்கூல் பிள்ளை மாதிரி இரட்டைச் சடையோடுதான் ஆபரேசனுக்குப் போனேன்.

மயக்கம் தெளிந்தபோது கால்மாட்டில் வலது நிரைக்காரி நின்றிருந்தாள். என் இடது கட்டைவிரலை நெல்லிக்காய் பறிக்கிற மாதிரி கிள்ளினாள்.

"தெரியுதா?"

"வலிக்குதுடி."

"ஐயோ, வலிக்குதாம்!" வார்டே திரும்பிப் பார்த்தது. "நல்லா வலிக்குதா? இன்னொருக்கா சொல்லு!"

வலிக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொன்னதற்கு ஒருத்தி சந்தோசத்தில் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த நாளே நர்ஸ் எழுப்பி நிறுத்தினார். சிங்களப் பெண், மகள் வயசு இருக்கும். "ஹெமின், அம்மே, ஹெமின்" என்று மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே பிடித்தார். எழும்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. மரக்கட்டை மாதிரி முழு உடம்பும் ஒன்றாகப் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். காலைக் கீழே விட வேண்டும். பிறகு முழங்கையை ஊன்றி நிமிர வேண்டும். வலது நிரைக்காரி அதைப் படித்துக்கொள்கிறேன் என்று பக்கத்துக் காலிக் கட்டிலில் ஏறிப் படுத்து உருண்டாள். நர்ஸ் அவளை விரட்டினார். முதல் நாள் ஜன்னல் வரை நடந்தேன். அடுத்த நாள் வாசல் வரை. அதற்கடுத்த நாள் நீள வராந்தாவில் போய்த் திரும்பினேன்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாள் காலையில் டாக்டர் வந்தார். அன்றைக்கு இடது நிரைக்காரியின் முறை. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, நெடுநேரம் உட்காரக் கூடாது, தினமும் நடக்க வேண்டும். சொல்லி முடித்து அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

"ஐயா" என்றேன். அவர் நின்றார். "எங்க வீட்டுக்கு நூத்தி அறுபத்தெட்டு படிங்க. ஏறலாமுங்களா?"

அவர் சிரித்தார். "ஆறுதலா ஏறலாம். ஒவ்வொரு படியா, நிண்டு நிண்டு. முதுகு மட்டும் வளையக் கூடாது."

ஆட்டோவில் முன் சீட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்து நிமிர்ந்தே வந்தேன். ஒவ்வொரு குழிக்கும் இடது நிரைக்காரி என் இடுப்புக்குப் பின்னால் கையைக் கொடுத்தாள். தேயிலை மலைகள் வந்ததும் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கடைசி வளைவு திரும்பினோம்.

படிக்குக் கீழே பாதி லயமும் நின்றிருந்தது. நடுவில் வலது நிரைக்காரி, சந்தோசத்தில் முகம் மின்ன. அவளுக்குப் பக்கத்தில் நாலு ஆம்பிளைகள், நீளமான மூங்கில் கம்பு. கம்பின் தலையில் வேப்பிலை. அதில் தொங்கியது ஒரு புதுக் கம்பளி. அந்தக் கம்பளி எனக்குத் தெரியும். அவள் தன் மகள் கல்யாணத்துக்கென்று பெட்டியில் பூட்டி வைத்திருந்தது. யாருக்கும் எடுத்துக் காட்டக்கூட மாட்டாள்.

"வா, ராணியாட்டம் ஏறி படு" என்றாள். "பெட்டிய தொறந்துட்டேன் ஒனக்காக."

என்னை இறக்கினார்கள். ஒரு அண்ணன் கம்பளியை விரித்துப் பிடித்தார். இன்னொருவர் என் தோளைத் தொட்டார். எல்லார் முகமும் சிரிப்பாக இருந்தது. இத்தனை பேர் எனக்காக வந்து நிற்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் யாருக்கும் எதையும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. கம்பளியைப் பார்த்தேன். நடுவில் தொய்ந்து வில் மாதிரி வளைந்து கிடந்தது. அதற்குள் படுத்தால் முதுகும் அப்படித்தான் வளையும். எங்களில் யாருமே அதை யோசிக்கவில்லை. முடியாத ஆள் என்றால் கம்பளி; காலங்காலமாக அப்படித்தானே.

"நான் நடக்கிறேன்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. ஒரு கை என் முழங்காலுக்குக் கீழே வந்தது.

"வேணாம்! நான் நடக்கிறேன்!"

அது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"பைத்தியமாடி ஒனக்கு? இம்புட்டு படி! தையல் பிரிஞ்சா?"

"முதுகு வளையக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு. கம்பளி வளைச்சிரும். படி ஏறலாமுன்னாரு. நான் கேட்டேன்."

"நீயா கேட்ட?" அவள் நம்பவில்லை. முகம் வாடிப்போனது. கம்பளியின் ஓரத்தைப் பிடித்த கை கீழே இறங்கியது.

இடது நிரைக்காரி முன்னால் வந்தாள். "கேட்டா. நான் இருந்தேன். அவ நடக்கட்டும்." அன்றைக்குப் பாதி வார்த்தையை அவள் அங்கேயே செலவழித்துவிட்டாள்.

அந்த அண்ணன்தான் யோசித்துக் கம்பளியை அவிழ்த்தார். மூங்கிலை மட்டும் எடுத்து, ஒருவர் மேல்படியில் ஒரு நுனியையும், ஒருவர் கீழ்ப்படியில் மறுநுனியையும் பிடித்தார்கள். எனக்கு என் இடுப்புயரத்தில் ஒரு கைப்பிடி. நான் ஏற ஏற அவர்களும் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நல்ல காலை முதலில் வைப்பேன், மற்றக் காலைச் சேர்ப்பேன். ஒன்று. இரண்டு. பத்துப் படிக்கு ஒருதரம் நின்றேன். இடது நிரைக்காரி இடப்பக்கம் என்னோடு படிக்குப் படி வந்தாள். வலப்பக்கம் காலியாக இருந்தது. வலது நிரைக்காரி கம்பளியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

எண்பத்தி மூன்றாவது படிக்குப் பக்கத்தில் முனியாண்டி கல் இருக்கிறது, சாமியாகக் கும்பிடுகிற ஆளுயரப் பாறை. கம்பளி தூக்குகிறவர்கள் அங்கேதான் தோள் மாற்றுவார்கள். அங்கே வந்ததும் என் இடது கால் நடுங்க ஆரம்பித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. மேலே பார்த்தேன், இன்னும் அவ்வளவு இருந்தது. கீழேயும் அவ்வளவு இருந்தது. பெரியம்மா சொன்னது சரியாகிவிடுமோ என்று நினைத்தேன்.

அந்தப் பாறையில் சாயப் போனபோது என் முதுகுக்கும் அதற்கும் நடுவில் மெத்தென்று ஒன்று வந்து அணைந்தது. கம்பளி, நாலாக மடித்தது.

"சாய்ஞ்சுக்க" என்றாள் வலது நிரைக்காரி. "வளையாம சாய்ஞ்சுக்க. ராணி படுக்க மாட்டாளாம், நின்னுகிட்டே போவாளாம். போவோம்."

அதன் பிறகு அவள் வாய் மூடவில்லை. ஒவ்வொரு படியையும் சத்தமாக எண்ணினாள். பின்னால் வந்தவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். நூறைத் தாண்டியதும் மேலே லயத்திலிருந்த பிள்ளைகளும் எண்ணத் தொடங்கினார்கள். நூற்று அறுபத்தெட்டு என்று கத்தியபோது மலையே கத்தின மாதிரி இருந்தது.

பெரியம்மா வெற்றிலை உரலை விட்டுவிட்டு வாசலில் எழுந்து நின்றார். "ஏறிட்டியாடி?"

"ஏறிட்டேன் பெரியம்மா!" என்றேன். கடைசிக் காம்பரா வரை கேட்கிற மாதிரி.

வீட்டுக்குள் போய் நின்றுகொண்டே ஒரு கோப்பை பால் ஊற்றாத தேயிலைச் சாயத்தண்ணி குடித்தேன். அந்தக் கம்பளி திரும்பப் பெட்டிக்குள் போனது. அதில் இதுவரை யாரும் ஏறவில்லை.

ஐந்து மாதம் கழித்துத்தான் டாக்டர் மலைக்குப் போக விட்டார். கொழுந்துப் பை நிறையுமுன் கொட்ட வேண்டும், பாரம் கூடாது. ஆறாம் நம்பர் மலைக்குப் போனபோது இரண்டு பேருக்கும் நடுவில் என் நிரை இருந்தது. இத்தனை நாளும் அதைக் கங்காணி வேறு யாருக்கும் கொடுக்க அவர்கள் விடவில்லையாம். புதுத் தளிர் வெயிலில் பளபளத்தது. எடுக்கத் தொடங்கிக் கொஞ்சநேரத்தில் இடப்பக்கமிருந்து ஒரு கை மெதுவாக என் பாதிச் செடிக்கு வந்தது, பழைய பழக்கத்தில்.

"ஏய்! கைய எடு!" என்றேன். "அது என் பாதி!"

கங்காணி மேலே இருந்து திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ சாமி" என்றாள் வலது நிரைக்காரி, "முதுக தைக்கச் சொன்னா வாயை தொறந்துவிட்டு அனுப்பியிருக்காங்களே!"

இடது நிரைக்காரி சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொண்டாள். நான் என் பாதியை எடுத்தேன்.