கடைசி இருபது பக்கம்

நாவல் வாசிப்பதில் எனக்கொரு கெட்ட பழக்கம் இருந்தது. கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடுவேன். யார் செத்தார், யார் யாரைக் கட்டினார் என்று தெரிந்த பிறகுதான் முதல் பக்கத்துக்கு வருவேன். ஒரே குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு இழுத்துக்கொண்டு போகிற தடித்த நாவல்கள்தான் எனக்கு உயிர். மெல்லிய புத்தகத்தைக் கண்டால், பசியோடு வந்தவளுக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டியதுபோல எரிச்சல் வரும். பனி கொட்டும் நாடுகளின் மொழிபெயர்ப்புகளும் பிடிக்கும். அந்தப் பேர்கள்தான் வாயில் நுழையாது.

நுழைந்தாக வேண்டிய தேவை எனக்கு இருந்தது. என் கணவர் புத்தகம் வாசிக்க மாட்டார். நான் சொல்லக் கேட்பார். மருதமுனைத் தறிகளில் நெய்யும் கைலிச் சாரன் எடுத்துப் பொத்துவில் வரைக்கும் கடைகளுக்குப் போடுவது அவருடைய தொழில். திரும்பி வந்து மஃரிப் தொழுதுவிட்டு, பால் ஊற்றாத பிளேன்ரீயோடு, நான் சமைக்கும் குசினி வாசலில் உட்கார்ந்தால், அன்றைக்கு நான் வாசித்ததைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இல்லாத வீடு. இடையில் குறுக்கிட ஆளில்லை. பனிநாட்டு ஆட்களைப் பெரியமாமா, சாச்சி, கடைக்கார மச்சான் என்று மாற்றிவிடுவேன். சாச்சி வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனபோது மனிதர் இரண்டு நாள் கவலையோடு திரிந்தார்.

ஆனால் முடிவை வைத்துக்கொண்டு கதை சொல்ல எனக்கு வராது. சாகப் போகிறவரின் பேச்சு வந்தாலே குரல் இறங்கிவிடும். அவர் கண்டுபிடித்துவிடுவார்.

"முடிவு தெரிஞ்சா உன்ட முகம் காட்டிக் குடுத்துரும் புள்ள."

அதனால் அவர் பேரிலுள்ள அட்டையில் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வரும் அன்றே, கடைசி இருபது பக்கத்தையும் சேர்த்து, சாரன் மூட்டை கட்டும் பச்சை நூலால் நீளவாக்கில் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவார். வியாபாரிகள் போடும் முடிச்சு அது. எனக்குப் போடத் தெரியாது. ஒருமுறை களவாக அவிழ்த்துப் பார்த்துவிட்டு எனக்குத் தெரிந்த மாதிரிக் கட்டி வைத்தேன். முடிச்சைப் பார்த்தார். மூன்று நாள் கதை கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன்.

கடைக்கார மச்சான் பனியில் காணாமல் போயிருந்த ஒரு நாவல் முக்கால்வாசி முடிந்திருந்தபோது என் கணவர் மவுத்தானார். சுபஹு தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லை. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்தது. கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா எனக்குத் தொடங்கியது. நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போக முடியாது.

ஏழாம் நாள் கத்தம் ஓத வந்த சனமெல்லாம் போன பிறகுதான் அலுமாரியைத் திறந்தேன். புத்தகம் இல்லை. ராத்தாவிடம் கேட்டேன். என் கூடப்பிறந்த மூத்தவள், எனக்குத் துணைக்கு வந்து நின்றவள். அடக்கம் முடிந்த மறுநாளே நூலகத்தில் கொடுத்துவிட்டேன் என்றாள்.

"அது அமானிதம். மவுத்தானவர்ர கழுத்துல கிடக்கப்படாது."

மார்க்கப்படி அவள் சொன்னது சரி. இரவல் வாங்கிய பொருள் மவுத்தானவரைக் கட்டிப்போடக் கூடாது என்று அவருக்காகத்தான் ஓடிப்போய்க் கொடுத்திருக்கிறாள். சரியான ஆளோடு சண்டை பிடிக்கவும் முடியாது. அன்றைக்கு அவளோடு சோறு தின்னாமல் இருந்ததோடு என் கோபம் முடிந்தது.

ஆனால் பயம் முடியவில்லை. வேறு யாராவது அந்தப் புத்தகத்தை எடுத்து, நூலை அறுத்து எறிந்துவிடுவார்களே. அவர் கையால் எனக்காகக் கடைசியாகக் கட்டியது அது ஒன்றுதான். நாலு மாதமும் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும், அந்தப் புத்தகத்தை ஒருவரும் எடுக்கக் கூடாது என்று துஆக் கேட்டேன். ஒரு வாசகி கேட்கக் கூடாத துஆ அது. வெட்கமாகத்தான் இருந்தது.

இத்தா முடிந்த மறுநாள் நூலகத்துக்குப் போனேன். பிந்தி வந்தால் மூடிவிடுவார்கள் என்பதுபோல அவசரமாக நடந்தேன். புத்தகம் அதே தட்டில் இருந்தது. பச்சை நூலும் இருந்தது. திரும்பி வந்ததிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை என்றார் நூலகத்துப் பெண். தடித்த புத்தகத்தை இப்போது யார் எடுக்கிறார்கள் என்று கவலைப்பட்டார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

என் பேரில் அட்டை எடுத்து, புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து வாசித்தேன். நூல் வரைக்கும் வந்து, ஐந்து நாள் அங்கேயே நின்றேன். புத்தகம் திருப்பிக் கொடுக்க வேண்டிய அமானிதம். கட்டோடு கொடுக்க மனமில்லை. கடைசியில் ஒரு ஊசியால் முடிச்சை மெதுவாக நெம்பினேன். அறுக்கவில்லை. அன்று பின்னேரமே இருபது பக்கத்தையும் வாசித்தேன். கடைக்கார மச்சான் சாகவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

மஃரிபுக்குப் பிறகு பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு குசினி வாசலில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வாய்விட்டே சொல்லத் தொடங்கினேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. என் முகம் காட்டிக் கொடுத்திருக்கும். பார்க்கத்தான் ஆளில்லை.