கால் கேட்ட அம்மா

பிள்ளைகளே, நம்ம ஊரில் யார் காலில் யார் விழுந்தாலும் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒருவர் விழுந்தால் பின்னால் வருகிறவரும் விழுவார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை சேர்ந்துவிடும். அப்படி ஒரு வரிசையில் தெரியாமல் போய் நின்றதால்தான் அந்த அம்மாவை எனக்குத் தெரியவந்தது. அதை எழுதி வைக்கச் சொல்லி உங்கள் அம்மா ஒரே பிடிவாதம். நான் பத்தாவது வரைக்கும் படித்த பரோட்டா மாஸ்டர். தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், சிரிப்பதானால் என் எதிரில் சிரிக்காதீர்கள்.

அன்றைக்குப் பௌர்ணமி. வழக்கம்போல் வெறுங்காலோடு மலை சுற்றக் கிளம்பினேன். செங்கம் ரோட்டைத் தாண்டி, நிருதி லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், புளியமரத்தடியில் வரிசை நின்றது. முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் வயதான ஒரு அம்மா. ஒவ்வொருவராக அவர் காலில் விழுந்துகொண்டிருந்தார்கள். ருத்திராட்சம் போட்ட ஒரு வெள்ளைக்காரர்கூடக் கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் நின்றார். நானும் சேர்ந்துகொண்டேன்.

எனக்குப் பின்னால் நின்றவர், "இன்னா சாமிங்க இவங்க?" என்று கேட்டார்.

"தெரியலைங்க. கூட்டம் ஜாஸ்தியா இருக்குது, பவர் இருக்கும்" என்றேன்.

என் முறை வந்தது. விழுந்து எழுந்தேன். "பொண்ணு பன்னெண்டாவது எழுதறாங்கம்மா. ஆசீர்வாதம் பண்ணுங்க."

"நல்லா எழுதட்டும். நீ காலை நீட்டு."

நம்ம ஊரில் பேசாத சாமியார் உண்டு, திட்டுகிற சாமியார் உண்டு. இவர் கால் கேட்கிற சாமியார் போலிருக்கிறது என்று நினைத்து, எதிரிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து நீட்டினேன். அப்போதுதான் ஸ்டூலுக்குப் பக்கத்தில் பஞ்சும் மருந்து பாட்டிலும் இருப்பதைப் பார்த்தேன்.

"சுகர் இருக்குதா?"

"எனக்கு ஏதுங்கம்மா சுகர்? நல்லாத்தான் இருக்கேன்."

"சரி, கண்ணை மூடு. பஞ்சால எந்த விரலைத் தொடறேன்னு சொல்லு."

மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "தொடுங்கம்மா" என்றேன்.

"எல்லா விரலையும் தொட்டு முடிச்சுட்டேன்ப்பா."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் வலது காலைத் தூக்கித் திருப்பி டார்ச் அடித்தார். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கண்ணாடித் துண்டு. அதைச் சுற்றிச் சீழ்.

"எப்ப குத்துச்சு?"

"தெரியலைங்கம்மா. வலிக்கவே இல்லியே."

"அதாம்ப்பா பிரச்சினை."

கட்டுப் போட்டு, கைதட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினார். மிச்சத்தையும் சுற்றிவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். "நீ ஏறு மொதல்ல. மலை எங்கயும் போவாது. விரல் போயிடும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதையேதான் சொன்னார். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. கட்டைவிரலை எடுக்க வேண்டி வரலாம், புண் ஆறுகிறதா என்று கொஞ்ச நாள் பார்க்கலாம், அதுவரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார். கல்லுக்கு முன்னால் நின்று மாவை வீசி அடிக்கும்போது உடம்பு எடை முழுக்க அந்தக் கட்டைவிரலில்தான் நிற்கும். அது போனால் எனக்கு வேலை போச்சு. மலை சுற்றுவதும் போச்சு.

அந்த அம்மா சாமியார் இல்லை, ரிட்டையர் ஆன நர்ஸ் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் சிஸ்டரம்மா என்பார்கள். மறுநாளே வீடு தேடி வந்துவிட்டார். காசுக்காக இல்லை. என்னைப்போல் ஊன்ற முடியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் ஸ்கூட்டியில் போய்க் கட்டு மாற்றுகிறவர், நம்ம பக்கத்தில் அப்போது அவர் ஒருவர்தான். பாப்பா, பன்னெண்டாவது படிக்கிற பெண் நீ, கதவைத் திறந்துவிட்டு, ஊசி போடுவாரோ என்று பயந்து உள்ளே ஓடிப் போர்வைக்குள் புகுந்துகொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

வீட்டிலும் அதே சட்டம். முதலில் விழ வேண்டும், பிறகுதான் காலைத் தொடுவார். நான் தலையணைமேல் கால் வைத்துப் படுத்திருந்தேனா, எனக்குப் பதில் உங்கள் அம்மா விழுவாள். "ஏங்க, உங்க கும்பிடு நான் போட்டாச்சு. காலைக் குடுங்க" என்பாள்.

"எதுக்கும்மா இந்தச் சட்டம்?" என்று ஒருநாள் கேட்டேன். கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பௌர்ணமி முடிந்து சில நாளில் கால்கள் வருமாம். ஆளை விட்டுவிட்டுக் காலை மட்டும் சொல்வதுதான் அவர் வழக்கம். வந்த கால்களில் பாதி, நேரம் கடந்து வந்தவை. அதனால் ரிட்டையர் ஆனதும் பாதையிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். ஆனால் ஒருவரும் காலைத் தரவில்லை. பெரியவர் கை என் காலில் படுவதா, பாவம் வந்து சேரும் என்று ஓடியே போனார்கள்.

"கீழ்பென்னாத்தூர்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. மல்லாட்டை, அதாம்ப்பா வேர்க்கடலை, போடறவரு. கால்ல ரத்தம் வழியுது, காலைக் குடுன்னா மாட்டேன்றாரு. எனக்கு வந்துச்சு கோவம். நீ மொதல்ல என் கால்ல விழு, அப்புறம் நான் உன் கால்ல கை வெக்கறேன், கணக்கு நேராப் போச்சுன்னேன். மனுசன் யோசிச்சாரு. விழுந்தாரு, நீட்டிட்டாரு. அதைப் பார்த்து இன்னொருத்தர் விழுந்தாரு. நம்ம ஊரைத்தான் உனக்குத் தெரியுமே."

"சாமியார்னு நெனச்சு என்னை மாதிரி நிறைய பேர் வர்றாங்களாம்மா?"

"பாதிப் பேர் அப்படித்தான். வாழைப்பழத்தோட வர்றான், கட்டோட போறான்."

சிரித்த சிரிப்பில் என் கால் ஆடிப்போய்த் திட்டு வாங்கினேன்.

புண் மெதுவாகத்தான் ஆறியது. ஒருநாள் டாக்டர் பார்த்துவிட்டு விரலை எடுக்க வேண்டாம் என்றார். ஆனால் இனி வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது; இன்னொரு புண் வந்தால் விரல் தப்பாது. "செருப்புப் போட்டுக்கிட்டு மலை சுத்தறதா? நான் வீட்லயே கிடக்கறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிஸ்டரம்மா என்னை ஆட்டோவில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோய் இறக்கினார்.

அண்ணன் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "வாய்யா மாஸ்டரே! உன் பரோட்டாவைத் தின்னு ஊருக்கே சுகர் வந்துச்சு. கடைசியில உனக்கேவா?"

"கிண்டல் அப்புறம் பண்ணலாம். மொதல்ல அளவெடுண்ணே" என்றார் சிஸ்டரம்மா.

இந்த அண்ணனும் மலை சுற்றுகிறவர். மலை சுற்றச் செருப்பு தைக்க மாட்டேன் என்று முதலில் சிஸ்டரம்மாவோடு சண்டையே போட்டாராம். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். அடியில் சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர். மேலே தோல் கிடையாது, வெள்ளை வேட்டித் துணியை மடித்துத் தைத்திருந்தார். கட்டைவிரல் இடத்தில் எனக்காகக் கொஞ்சம் குழி தோண்டினார்.

"சாமி கோச்சுக்காதாண்ணே?"

"துணி சுத்துனவனைக் கோச்சுக்கிட்டா, கட்டுப் போட்டவன் எவனும் கோயிலுக்கே வர முடியாது. இது செருப்புன்னு யார் சொன்னா? அடியில மெத்தை வெச்ச கட்டு. போட்டுப் பாரு."

போட்டேன். கழற்ற மனம் வரவில்லை. மறுவாரமே கல்லுக்கு முன்னால் நிற்கப் போய்விட்டேன். ஆனால் மலை சுற்ற மட்டும் டாக்டர் இன்னும் சில மாதம் விடவில்லை.

அதற்குள் கால் பிழைத்த நாங்கள் ஒரு கூட்டமாகிவிட்டோம். ஆட்டோக்காரர், பூக்காரம்மா, லாட்ஜ் வாட்ச்மேன், கீழ்பென்னாத்தூர் மல்லாட்டைக்காரர். சிஸ்டரம்மா, செருப்பு தைக்கும் அண்ணன் இரண்டு பேரையும் கௌரவிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தலாம் என்றார் வாட்ச்மேன். எல்லோருக்கும் லட்டு தரலாம் என்று வாய்விட்ட ஆட்டோக்காரரை எல்லாச் சர்க்கரைக்காரர்களும் சேர்ந்து முறைத்தோம்.

சிஸ்டரம்மாவிடமே போய்க் கேட்டோம். "பொன்னாடை பீரோவுலதான் கிடக்கும்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "நான் இன்னும் மலை சுத்தினதே இல்லப்பா. பௌர்ணமின்னா ஸ்டூல்ல உக்காந்துடறேன். கூட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்றார்.

பூக்காரம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை, விடிந்ததும், உங்கள் அம்மாவும் கூட வர, கிளம்பினோம். நிதானமாக, உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கலாம் என்று டாக்டர் எனக்குச் சரி சொல்லியிருந்தார். புண்ணுக்குப் பிறகு என் முதல் முழுச் சுற்று அதுதான். வெளியே சிரித்தேன். உள்ளே ஒரே பயம். வலி வந்தால் நின்றுவிடலாம். எனக்குத்தான் வலியே வராதே! உள்ளே கிழிந்துகொண்டிருந்தாலும் தெரியாது.

சிஸ்டரம்மா நடுவில் நடந்தார். ஒவ்வொரு லிங்கத்திலும் சின்னப் பெண்போல் நின்று நின்று பார்த்தார். தம்பி, நீ ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். செருப்பு தைக்கும் அண்ணன் கடைசியில் வந்தார். மலையைப் பார்க்கவே இல்லை, எங்கள் பாதங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "மாஸ்டரே, எடது பக்கமா சாயற. கடையில நிக்கற மாதிரி நேரா நில்லுய்யா!" அடி அண்ணாமலையில் உட்கார்ந்து மோர் குடித்தோம். மல்லாட்டைக்காரர் வீட்டிலிருந்து வேகவைத்துக் கொண்டுவந்த மல்லாட்டையை உரித்து உரித்துக் கொடுத்தார். அதைவிடப் பெரிய விருந்து எந்த மேடையிலும் இருந்திருக்காது.

ராஜகோபுரத்துக்கு எதிரில் வந்து நின்றபோது வெயில் ஏறிவிட்டது. எல்லோரும் கோபுரத்தைக் கும்பிட்டார்கள். நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டரம்மா டீக்கடை பெஞ்சில் என்னை உட்காரவைத்து, துணிச்செருப்பைக் கழற்றினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாதத்தைத் திருப்பினார். விரல் இடுக்கெல்லாம் பார்த்தார். அண்ணன் குனிந்தார். கூட்டமே குனிந்தது.

"ஏம்மா, நீ பாரு. இன்னா தெரியுது?" என்று உங்கள் அம்மாவை அழைத்தார்.

அவள் மண்டியிட்டு உற்றுப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலைங்கம்மா."

"நல்லாப் பாரு."

"புழுதிதாங்கம்மா இருக்குது. வெறும் புழுதிதான்." சொல்லும்போதே அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப தட்டிவிட்டுட்டு எழுந்திருக்கச் சொல்லு" என்றார் சிஸ்டரம்மா. "எனக்குப் பசிக்குது."