பெயரைக் கேட்டால் சொல்லும்

கறுப்புத் திரையில் ‘நோயாளி, நோயாளி, நோயாளி’ என்று மட்டும் வரிசையாக வந்து நின்றது. பெயர் இல்லை, வயது இல்லை, ரத்த வகை இல்லை. மன்னார்புரம் அலுவலகத்தில் அன்று நான் பதறிய பதற்றத்துக்கு எனக்கே ஒரு மருத்துவமனைப் படுக்கை ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் படுக்கைகளை யாருக்கு எப்போது என்று பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் எங்களுடையது. ரூபி என்ற நிரல்மொழியில் எழுதியது. கட்டளைகளைத் தட்டும் அதன் கன்சோல் திரையில் எந்தப் பதிவைக் கூப்பிட்டாலும் அது உள்ளே இருப்பதையெல்லாம் தானாகவே கொட்டிக் காட்டிவிடும். அன்று தொலைபேசி எண்களைத் திருத்த ஒரு சின்ன நிரலை ஓட்டிவிட்டுப் பார்த்தால் இப்படி. மறுநாள் வரவேண்டிய அத்தனை பேரையும் அழித்துவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். அனுபவசாலி அல்லவா, மேசைக்கடியில் குனிந்து ஒயரை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.

பிறகு, விடுப்பில் ஸ்ரீரங்கத்து வீட்டில் இருந்த எங்கள் டீம் லீடுக்குப் போன் செய்தேன். என்னைவிட இளையவர். அவருடைய கணவருக்கும் அதே மருத்துவமனையில்தான் டயாலிசிஸ். அதைப் பற்றி அவர் பேசமாட்டார், நாங்களும் கேட்டதில்லை.

“மேடம், எல்லாரையும் அழிச்சிட்டேன்.”

“அழுறீங்களா சார்?”

“இல்ல மேடம், ஏசி ஓடல. கண்ணுல வேர்க்குது.”

சிரிப்பார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம்தான் கேட்டது.

“ஒண்ணும் அழியல. காட்டுற விதத்தை நான்தான் மாத்தி எழுதினேன். டீ குடிக்க எந்திரிச்சு வர்றவங்கல்லாம் உங்க திரை முன்னால நின்னு அடுத்தவங்க வியாதிய படிக்கிறாங்க. இனிமே தானா சொல்லாது சார். பேரைக் கேளுங்க, சொல்லும்.”

கேட்டேன். சொன்னது. அந்த மாற்றம் இன்றும் அப்படியே இருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்கள் பதறும்போது நானும் இதையேதான் சொல்கிறேன். அன்றோ உயிர் திரும்பிய குஷியில், “சொல்லாம மாத்தி என் உசுரை எடுத்துட்டீங்களே மேடம்” என்று நீட்டிக்கொண்டே போனேன். நான் ஓயும்வரை அவர் பொறுத்திருந்தார்.

“நாளைக்கு முதல் ஷிஃப்ட்ல எங்க வீட்டுக்காரர் பேரை எடுத்துடுங்க சார்.”

“ஏன் மேடம், வேற நாளா?”

“இல்ல. காலைல தவறிட்டார். வெயிட்டிங்ல தொட்டியத்துக்காரர் ஒருத்தர் மூச்சு வாங்கிட்டுக் கெடக்கார், அவருக்குக் குடுங்க. இப்பவே சொன்னாத்தான் விடியக்காலை பஸ்ஸைப் பிடிப்பார்.”

பெயரை எடுத்தேன். தொட்டியத்துக்குப் போன் போட்டேன். அந்த மனிதரின் மனைவி எடுத்தார். இடம் கிடைத்துவிட்டது என்றதும் சற்று நேரம் அழுதார். பிறகு கேட்டார்:

“யாருக்காச்சும் குணமாயிடுச்சுங்களா?”

“ஆமாங்க” என்றேன்.