மணல் திட்டில் நின்ற படகு

சதுரங்கப்பட்டினம் பக்கத்து உப்பங்கழியில் ஒருமுறை பாய்மரப் படகில் போனேன். படகோட்டிக்கு ஐம்பது வயதிருக்கும், முன்பல் ஒன்று இல்லை. அடிக்கடி தண்ணீரில் கையை விட்டு அதன் இழுப்பைப் பார்த்துக்கொண்டார். கடலில் சேரும் முகத்துவாரம் வரை போகச் சொன்னேன்.

“வேணா சார். தண்ணி கடலுக்கு வாங்கிக்கினு கீது. திட்டுல மாட்டிக்குவோம்.”

“நான் உத்திரமேரூர்க்காரன். எங்க ஏரில பாக்காத தண்ணியா? வுடுய்யா!”

அவர் சொன்னபடியே படகு மணல் திட்டில் தட்டிச் சாய்ந்து, பாய்மரம் முறிந்தது. அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு மணி நேரம் இழுத்தார். பேண்ட் நனையுமே என்று நான் படகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கரையில் படகின் முதலாளி கத்தினார். “தப்பு என்னுதுதான்,” என்றார் படகோட்டி. நாளையிலிருந்து வராதே என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

பஸ் நிற்கும் இடம் வரை படகோட்டி வழிகாட்ட வந்தார்.

“ஏன் என்னைச் சொல்லல?” என்று கேட்டேன்.

“ஓட்னது நாந்தானே சார்?”

முதலாளி இன்னும் கரையில்தான் நின்றிருந்தார். திரும்பிப் போய் உண்மையைச் சொல்ல நேரமிருந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். படகோட்டி கையசைத்து வழியனுப்பியதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.