கண்ணுக்குப் போனேன், சிறுநீர் கேட்டார்கள்

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் விஞ்ச் ஓட்டினேன். உப்பு மூட்டைகளைக் கட்டாகத் தூக்கிக் கப்பலின் அடிக்கிடங்குக்குள் இறக்குகிற வேலை. கீழே எட்டுப் பேர் நிற்பார்கள். நான் ஒரு விநாடி பிந்தினால் அவர்கள் தலையில்தான் விழும்.

நாற்பத்திரண்டு வயதில் என் இடது கண்ணில் கரி போல ஒரு நூல் மிதந்தது. பிறகு நேரான இரும்புக் கம்பி வளைந்து தெரிந்தது. எங்கள் ஊரில் கண் மங்கினால் பழி உப்பளத்தின் மேல்தான். வெள்ளைக் குவியலில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைக் கெடுத்துவிட்டது என்பார்கள். நானும் நம்பினேன். கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். படிக்கிற கண்ணாடியை இரண்டு தடவை மாற்றினேன். கடைக்காரர் சந்தோஷமாக விற்றார்.

ஒருநாள் மூட்டைக் கட்டு கிடங்கின் விளிம்பில் இடித்து, ஒரு மூட்டை கிழிந்து உள்ளே கொட்டியது. யாருக்கும் அடியில்லை. சிக்னல் காட்டுகிறவன் கத்தினான்.

"ஏலே, நிறுத்துன்னு கையத் தூக்கிட்டு நிக்கேன்! ஒனக்குக் கண்ணு என்ன பிடதியிலயா இருக்கு?"

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கண் டாக்டரிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னப் பெண். மருந்து ஊற்றி, விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "செருப்பக் கழட்டுங்க" என்றார். காலில் ஆறாத புண். கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். அதிகம். அப்புறம் ஒரு சின்ன பாட்டிலை நீட்டினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணக் காட்ட வந்தா மூத்திரம் கேக்கீய!"

"கண்ணுக்குள்ள பாத்துட்டுத்தான் அண்ணாச்சி கேக்கேன்."

நீல மருந்தில் என் சிறுநீரை விட்டுக் காய்ச்சினார்கள். செங்கல் நிறம் வந்தது; சர்க்கரை ஏகத்துக்கு இருந்தால் வருகிற நிறமாம்.

"சீனி சாப்பிடுதீங்களா?"

"தொட்டு மூணு வருசமாச்சு. கால் புண்ணுக்கு ஆஸ்பத்திரி போனப்பவே வேண்டாம்னுட்டாங்க."

"காப்பி?"

"கருப்பட்டிக் காப்பி. நாளைக்கு ஆறு தம்ளர்."

பேனாவைக் கீழே வைத்தார். "கருப்பட்டி கசக்குமா, இனிக்குமா?"

"இனிக்கும்."

"பின்ன?"

கண்ணின் பின்பக்கத்துக் குழாய்கள் நூலைவிட மெலிசு, சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து அவற்றை அரித்துவிட்டன, ரத்தம் கசிகிறது, சிறுநீரகத்துக்கும் இதே கதிதான், பீடி அதற்கு மேல் கெடுதல் என்றார். நூறு கண்ணாடி மாற்றினாலும் பிரயோசனமில்லை, உடம்பைச் சரிசெய்தால் மிச்சக் கண் நிற்கும் என்றார்.

யாரைத் திட்டுவது? உப்பளத்தைச் சொன்னவர்களை, கண்ணாடி விற்றவரை, சர்க்கரை கண்ணையும் தின்னும் என்று மூன்று வருஷம் முன்பே சொல்லாத ஆஸ்பத்திரியை, எல்லாரையும் திட்டினேன். கருப்பட்டியைக் குடித்த வாய் என்னுடையது. அதனால் என்னைத்தான் அதிகம் திட்டினேன்.

வீட்டில் சண்டை. கருப்பட்டி என் மாமனார் ஊரிலிருந்து வருவது. "எங்க அய்யா காய்ச்சினதுல்லா, அது மருந்து" என்றாள் மனைவி.

"செங்கல் மாதிரி வந்திருக்குளா! நிறுத்து."

மூன்றாம் நாள் இனிப்பில்லாத காப்பியை ணங்கென்று வைத்தாள். "குடிச்சுத் தொலையும்."

குடித்தேன். சோற்றைக் குறைத்தேன். கருவாட்டை விட்டேன். பீடியை விட்டதுதான் கஷ்டம்; அதையும் விட்டேன். இன்சுலின் ஊசியை நானே போட்டுக்கொள்ளப் பழகினேன்.

போர்மேனிடம் போய், இனி விஞ்ச் ஓட்ட மாட்டேன் என்றேன்.

"ஏலே, கப்பல் காத்துக் கெடக்கு, நீ கண்ணு கத சொல்லுத. ஒரு கண்ணு நல்லாத்தான இருக்கு? ஒரு வாரம் ஓட்டு."

"கீழ நிக்க எட்டுப் பேருல ஒங்க மவனையும் நிறுத்துங்க அண்ணாச்சி. ஓட்டுதேன்."

அவர் வேறு ஆளை விஞ்சில் ஏற்றினார். என்னைத் துறைமுகக் கிடங்கு வாசல் காவலுக்குப் போட்டார். பையன்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

பத்து மாதம் கழித்து டாக்டர் மறுபடி விளக்கடித்துப் பார்த்தார்.

"இடது கண்ணுல போனது போனதுதான். வலதுல புதுசா கசிவு இல்ல."

"அப்ப விஞ்ச்?"

"அத மறந்துருங்க."

சரி என்று எழுந்தேன். ஊசியை இன்னும் போட்டுக்கொள்கிறேன். இன்றைக்கும் காலைப் பேப்பரை வலது கண்ணால் நானே படிக்கிறேன். யாரையும் வாசித்துக் காட்டச் சொன்னதில்லை.