அக்கா கிழித்த புத்தகம்

எங்கள் வீட்டில் நெருப்புக்கு இருந்த பயத்தைவிடக் கதைப் புத்தகத்துக்கு இருந்த பயம் அதிகம். பட்டாசுக்குக் குழாய் உருட்டிப் பிழைக்கிற வீட்டில் இப்படியொரு பயம் இருந்தது என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். வீடு முழுக்கக் காகிதம்தான். கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய காகிதம் வரும். அதைக் கிழித்துக் கம்பியில் சுற்றி, ஓரத்துக்குப் பசை தடவி, குழாயாக உருவி வெயிலில் காயப்போட வேண்டும். மருந்து அடைக்கிற வேலை கம்பெனியில். குழாய் மட்டும் வீட்டில். அந்த மூட்டைகளில் இல்லாத எழுத்தே கிடையாது. அச்சாபீசில் பிசகிப்போன காலண்டர், யாரோ தோற்றுப்போன பரீட்சைத்தாள், பட்டணத்துப் பத்திரிகை, தலையும் வாலும் இல்லாத தொடர்கதை எல்லாம் வந்து குவியும். சுருட்டலாம், ஒட்டலாம், படிக்க மட்டும் கூடாது. பொம்பளைப் பிள்ளை கதை படித்தால் குடும்பம் விளங்காது என்பது அப்பாவின் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்புக்குக் காரணம் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை. கதைப் புத்தகம் படித்துப் படித்தே அவள் வீட்டை விட்டு ஓடிப்போனாள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். உண்மையில் அவள் ஓடிப்போனது ஒரு பஸ் கண்டக்டரோடு. அவர் டிக்கெட் புத்தகம் தவிர வேறு எந்தப் புத்தகத்தையும் தொட்டதாகத் தகவல் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அக்கா வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திக் குழாய் உருட்டும் பலகை முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அவளுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஒன்பது. நான் மட்டும் திருத்தங்கல் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அக்காவின் தலையணைக்கு அடியிலிருந்து பத்திரிகைக் கிழிசல் ஒன்று அகப்பட்டபோது, அப்பா அவளை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இனிமே இந்த வீட்டுல கதைப் புஸ்தகம் கண்ணுல பட்டுச்சு, சின்னவளையும் நிப்பாட்டித் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிருவேன். பாத்துக்கோ."

தீப்பெட்டி ஆபீஸ் என்றால் எனக்கு உயிர் போகிற பயம். என் வயதுப் பிள்ளைகள் இருட்டோடு எழுந்து போய்க் கட்டையில் குச்சி அடுக்குவார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த ஒருத்தி அங்கே போன பிறகு, தெருவில் எதிரே வந்தால்கூட என்னிடம் பேசுவதில்லை. அவள் கையைப் பார்க்காமலே நான் தாண்டிப் போவேன்.

இவ்வளவு இருந்தும் புத்தகம் வீட்டுக்குள் வந்தது, அதுவும் என் பையிலேயே. அந்த வருடங்களில் ஊருக்கு ஊர் தொடர்கதைப் பைத்தியம். வாரப் பத்திரிகை பஸ்ஸில் வந்து இறங்கினால் போதும். டீக்கடையில் ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். முடிவெட்டுகிற கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்துகொண்டு கதாநாயகிக்காகச் சண்டை போட்டவர்கள் உண்டு. எங்கள் டீச்சர் வாரா வாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துவைத்துப் பைண்டு பண்ணி வைத்திருந்தார். அக்கா அவரிடம் படித்தவள். "ஒங்கக்காட்ட குடு, பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துரணும்" என்று சொல்லி அதில் ஒன்றை என்னிடம் கொடுத்தார். வாங்கிப் பாடப் புத்தகங்களுக்கு நடுவில் செருகிக்கொண்டேன். அக்கா ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாள். மறுக்க மனசு வரவில்லை.

பினாங்குக்குப் போய்த் திரும்பாத புருஷனைத் தேடித் தனியாகக் கப்பல் ஏறுகிற ஒரு பெண்ணின் கதை அது. அக்கா பகலில் குழாய் உருட்டிக்கொண்டே படிப்பாள். பலகைக்குப் பக்கத்தில் கிழித்த காகிதத்தோடு காகிதமாகப் புத்தகம் விரிந்து கிடக்கும். நான் வாசலில் காவல். அம்மாவும் இதில் கூட்டுத்தான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டு வந்து, அடுப்பு ஊதிக்கொண்டே மெதுவான குரலில் கேட்பாள், "பெறகு என்னாச்சு?" அக்கா சொல்லுவாள். மறுநாள் அது கம்பெனிக்குப் போகும். அங்கிருந்து அபிப்பிராயங்கள் திரும்பி வரும். "கைப்பிள்ளைய விட்டுட்டு அவ கப்பல்ல ஏறுனது தப்புன்னு எல்லாரும் ஏசுதாளுக" என்று அம்மா ஏதோ சொந்தக்காரி வீட்டு வழக்கு மாதிரி வந்து சொல்லுவாள். அப்பா வருகிற வண்டிச் சத்தம் கேட்டதும் கப்பல், கடல், பினாங்கு எல்லாம் அப்படியே நின்றுபோகும். அப்பா ஒற்றை மாட்டு வண்டி ஓட்டினார். அச்சாபீசுகளுக்கும் கம்பெனிகளுக்கும் லோடு அடிக்கிற வேலை. விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார்.

தீபாவளிக்கு முந்தைய சீசன். பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள். உச்சிவெயில் கொஞ்சம் சாய்ந்த நேரம் இருக்கும். கதையில் கப்பல் புயலில் மாட்டியிருந்தது. அக்கா உருட்டுவதைக்கூட மறந்துவிட்டுக் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிற்க வேண்டிய நானும் கப்பலைப் பார்க்க ஆசைப்பட்டு அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தால் வாசலில் அப்பா நிற்கிறார்.

வண்டிச் சத்தம் கேட்கவில்லை. எப்படி வந்தார், ஏன் வந்தார் என்றெல்லாம் யோசிக்க எனக்குத் தெம்பில்லை. அப்பாவின் முகம் கறுத்துப்போய் இருந்தது, சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் உள்ளே வந்து அக்காவையும் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"அம்மா வந்தாளா?"

"இல்லப்பா" என்றாள் அக்கா. "வேலை விட இன்னும் நேரம் இருக்கே."

அவர் நிலைப்படியில் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஆக, அம்மா வரட்டும், எல்லோரையும் சேர்த்து வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார். எனக்கு அப்படித்தான் தோன்றியது. நாளை விடியும்போது என் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்துத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிடுவார் என்பதும் நிச்சயமாகிவிட்டது.

அப்போது அக்கா ஒரு காரியம் செய்தாள். அப்பாவை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மடிக்கு இழுத்து, பைண்டு அட்டையைப் பிய்த்து மூட்டைக்குள் செருகினாள். தையலை விரலால் அறுத்தாள். முதல் தாளைக் கிழித்துக் கம்பியில் சுற்றினாள். அடுத்த தாள். அதற்கடுத்த தாள். அப்பாவின் கண் முன்னாலேயே கதை முழுவதையும் குழாயாக உருட்டத் தொடங்கிவிட்டாள். அவள் கை நிற்கவே இல்லை. "ஏ புள்ள, பசை" என்றாள் என்னிடம். நான் பசைச் சட்டியை நகர்த்திக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். டீச்சருடைய புத்தகம் என்பது அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு பயத்திலிருந்து தப்ப இன்னொரு பயத்துக்குள் விழுந்திருந்தேன்.

காற்றில் ஒரு தாள் பறந்து அப்பாவின் காலடியில் போய் விழுந்தது. படம் போட்ட தாள். கப்பல், அலை, கூந்தல் விரிந்த பெண். அப்பா அதைக் கையில் எடுத்தார். அவர் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். பிறகு அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கி அதையும் சுற்றினாள்.

வெயில் வாசலைத் தாண்டிப் போயிற்று. அப்பா அசையவில்லை. தெருவில் ஆட்கள் ஓடுவதும் யாரோ யாரையோ கூப்பிடுவதும் காதில் விழுந்தன. எனக்கு அதெல்லாம் பொருட்டாகப் படவில்லை. கிழிக்க வேண்டிய தாள் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதிலேயே என் கண் இருந்தது.

கடைசித் தாள்கள் கையில் இருக்கும்போது அம்மா வந்தாள். சாலை வழியாக இல்லை, காட்டு வழியாக. இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். தலைமுடி ஒரு பக்கம் கருகியிருந்தது. சேலையெல்லாம் சாம்பல், கந்தக வாடை.

"அடுத்த ரூமுல வெடிச்சிருச்சு" என்றாள் அவர்களில் ஒருத்தி. "இவுக தண்ணி குடிக்க வெளிய வந்த நேரம். சாமி காப்பாத்திட்டாரு அண்ணே."

அப்பா எழுந்தார். எழ முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அம்மாவின் அருகில் போய் நின்று, கருகிய முடியைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்து எரிச்சலாகச் சொன்னார்.

"வெந்நி வையி. பராக்குப் பாத்துட்டு இருக்க."

அவர் லோடு ஏற்றிக்கொண்டிருந்த இடத்திலிருந்து புகையைப் பார்த்திருக்கிறார். வண்டியையும் மாட்டையும் நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். கம்பெனி வாசலில் யாரையும் கிட்டே விடவில்லை. உள்ளே இருந்தது யார், தப்பியது யார் என்று சொல்லவும் ஆளில்லை. காட்டு வழியாக வீட்டுக்கு வந்திருந்தாலும் வந்திருப்பாள் என்ற ஒரே நம்பிக்கையில் வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறார். இதெல்லாம் பெரியவர்கள் தங்களுக்குள் பேசியதை வைத்துத் தெரிந்துகொண்டது. எனக்கு அப்போது வந்த சந்தோஷம் ஒன்றே ஒன்று. அப்பா புத்தகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. பொழுது சாய்ந்த நேரம். எதிர்ச்சாரி வீடு ஒன்றிலிருந்து அழுகைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அம்மா குளித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு விட்டுவிட்டு உதறியது. ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. அப்பா பக்கத்தில்தான் இருந்தார். திடீரென்று அவள் அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"பெறகு என்னாச்சு தாயி, அந்தக் கப்பலு?"

தப்பித்துவிட்டோம் என்று இருந்தவர்களை அம்மாவே காட்டிக்கொடுக்கிறாள். அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்காள்ல" என்றார். "சொல்லேன்."

அக்கா சொன்னாள். புயல் ஓய்ந்தது, கப்பல் கரை சேர்ந்தது, துறைமுகத்தில் அவள் புருஷன் சோறு தண்ணி இல்லாமல் காத்துக்கொண்டு நின்றான் என்று நிதானமாகச் சொன்னாள். அவள் அதுவரை படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். புயலோடு புத்தகத்தைக் கிழித்தவள் இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாளே, மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், அப்படியே தூங்கிப்போனாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் டீச்சர் புத்தகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்டார். அதையும் என் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அப்பாவும் அதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீஸ் பேச்சை எடுக்கவில்லை. நான் படித்து வேலைக்குப் போனேன். அக்கா மறு வருடம் கல்யாணமாகி விருதுநகர் போனாள்.

அப்பா, அம்மா இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒருநாள் அக்கா வீட்டில் பழைய கதை பேசிக்கொண்டிருந்தபோது, "அப்பாவுக்குப் பயந்து என்னமாக் கிழிச்ச நீ!" என்று சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"அப்பாவுக்குப் பயந்தா? அவரு செருப்பில்லாம வந்தாரு. வண்டியக் காங்கல. வந்ததும் அம்மா வந்தாளான்னு கேட்டாரு. என்னமோ ஆயிப்போச்சுன்னு அப்பவே தெரிஞ்சிருச்சு. அம்மா இல்லைன்னா அடுப்பு, நீ, அப்பா எல்லாம் எந்தலையிலதான? இனிமே எனக்கு எதுக்குப் புஸ்தகம்னு கிழிச்சேன்."

அன்று நான் அவளுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். டீச்சரிடம் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, அவள் கிழித்துச் சுற்றிய ஒவ்வொரு தாளுக்கும் பசை தடவிக் கொடுத்தேன்.