எல்லா லைனும் ஒன்றான மதியம்

விருதுநகரில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் புதிய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பொருத்தப் போனபோதுதான் அந்த ஆபரேட்டர் அக்காவைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. அந்தச் சின்ன அறையில் அவரைத் தவிர யாரும் கிடையாது. யாருக்கு இணைப்புக் கொடுத்தாலும், எதிரில் ஆள் நிற்பது போலத் தலையை அசைத்து "பேசுங்க" என்பார்.

புதிய எக்ஸ்சேஞ்சில் ஒரு பட்டனை அழுத்தினால் தீயணைப்பு நிலையம், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் எல்லாம் ஒரே லைனில் வந்துவிடும். அதைப் பொருத்திய வாரமே, நான் சரிபார்க்க வந்திருந்த ஒரு மதியம், நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் தீப்பிடித்தது. அங்கிருந்து ஒருவர் மூச்சுத்திணறக் கூப்பிட்டார். அக்கா பட்டனை அழுத்தினார். அதிகாரிகள் தங்களுக்குள் பேசினார்கள், வண்டிகள் உடனே கிளம்பிவிட்டன.

"நல்ல மிஷின் தம்பி," என்றார் அக்கா. "முன்னெல்லாம் ஒவ்வொரு ஆபீஸா நான் சொல்லி முடிக்குமுன்ன உசுரே போயிரும். ஆனா அப்ப, 'பொளச்சுக்கிட்டாகம்மா'ன்னு யாராவது எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுவாக. இப்ப அவுகளே பேசிக்கிறாக."

சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது.

"எல்லாரும் பொளச்சுட்டாக. நீங்க யாரு, சொந்தமா?"

"இல்லைங்க. அதுல ஒருத்தர் குரலக் கேட்டேன், அம்புட்டுத்தான்" என்று வைத்துவிட்டார்.

ஆபரேட்டர் பேசுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.